எச்சரிக்கையும் கரையும்: வங்காள விரிகுடாச் சூறாவளிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வங்காள விரிகுடாவின் கரைகளில் வாழும் மக்களுக்குச் சூறாவளி புதிய அனுபவமன்று. ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி முடியும் வரை கடலையும் வானையும் அடிக்கடி நோக்குவது அவர்களது வாழ்க்கை முறையின் ஒரு கூறாகவே அமைந்துவிட்டது. எனினும் வரலாற்றேடுகளிற் சூறாவளி பெரும்பாலும் ஒரு திகதியாகவும், இறந்தோர் தொகையாகவும், அழிந்த சொத்தின் பெறுமதியாகவுமே இடம்பெறுகின்றது. காற்று கரையை அடைவதற்கு முந்திய மணித்தியாலங்களில் அங்கிருந்தவர்கள் எதனை அறிந்திருந்தனர்? எவர் வாயிலாக அறிந்தனர்? அறிந்த பின்னரும் பலர் ஏன் இடம்பெயராதிருந்தனர்? இவ்வினாக்களை முன்வைத்து நோக்குமிடத்து, சூறாவளியின் வரலாறு காற்றின் வரலாறாக மட்டுமன்றி எச்சரிக்கையின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம். காலநிலை மாற்றம் பற்றிய கவலை கரையோர மக்களிடையே வலுத்துவரும் இன்றைய சூழலில் அவ்வரலாற்றை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இக்கடலின் இயற்கை அமைப்பைச் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். தெற்கே அகன்றும் வடக்கே ஒடுங்கியும் புனல் போன்று அமைந்த இவ்விரிகுடாவின் வடமுனை ஆழங்குறைந்தது. சூறாவளியால் உந்தப்படும் நீர் பரந்து செல்ல இடமின்றி உயர்ந்தெழுந்து தாழ்நிலங்களை மூடுகின்றது. பெருஞ் சூறாவளிகளிற் காற்றினால் மடிந்தோரைவிட இக்கடற்பெருக்கினால் மடிந்தோரே அதிகம். உலகில் தோன்றும் வெப்பவலயச் சூறாவளிகளுள் ஒரு சிறு பங்கே இங்கு தோன்றுகின்றதெனினும், அவற்றால் நேர்ந்த உயிரிழப்பில் மிகப் பெரும் பங்கு இக்கரைகளுக்கே உரியது. இலங்கையோ மத்தியகோட்டுக்கு அண்மையில் அமைந்திருப்பதனால், வங்கத்தையும் ஆந்திரத்தையும் போல அடிக்கடி தாக்கப்படுவதில்லை. இவ்வருமையே வேறோர் ஆபத்துக்கு வழிவகுக்கின்றது. ஒரு பெருஞ் சூறாவளிக்கும் அடுத்ததற்குமிடையே ஒரு தலைமுறை கழிந்துவிடுவதனால், முன்னையது தந்த பாடம் பின்னையதைச் சந்திப்போரிடம் வந்து சேர்வதில்லை.

அறிவியற் கருவிகள் வருவதற்கு முன்னர் கரையோர மக்கள் ஏதும் அறியாதிருந்தனர் எனக் கொள்ளல் தவறாகும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றைத் திசையாலும் பருவத்தாலும் பிரித்தறிந்த மீனவன், அதன் இயல்பான போக்கில் ஏற்படும் பிறழ்வையும் அறிந்திருந்தான். தொலைவிலுள்ள புயல் எழுப்பும் நெடிய அலைகள் அப்புயலை முந்திக் கரையை அடைவன. ஆகவே காற்றில்லாத வேளையில் நீண்ட இடைவெளிகளில் வந்து மோதும் கனத்த அலை, கடலை நாள்தோறும் நோக்குவோனுக்கு ஒரு செய்தியாகும். இன்றைய சமுத்திரவியலும் இதனை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் இவ்வறிவுக்கு ஓர் எல்லை உண்டு. ஏதோ வருகின்றது என்பதை அலை உணர்த்தும். அது எங்கே, எப்பொழுது, எவ்வளவு வலிமையுடன் கரையேறும் என்பதை உணர்த்தாது.

அவ்வெல்லையைக் கடக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கு கப்பல் விபத்துகளை விசாரித்த நீதிமன்றத்திற் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்பவரே, சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாகச் 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கியவர். மாட்லா ஆற்றங்கரையிற் புதிய துறைமுகமொன்றை அமைக்க அரசு முனைந்தபோது, சூறாவளியின் கடற்பெருக்கு அதனை ஒருநாள் அழிக்குமென 1853இல் அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை. கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867இற் சூறாவளி அதனைச் சீர்குலைத்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1864 ஒக்டோபரிற் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளி பல்லாயிரம் உயிர்களையும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களையும் பலிகொண்டது. இதன் பின்னர்தான் துறைமுகத்திற்குப் புயலெச்சரிக்கை வழங்கும் ஒழுங்கு ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் நிறுவப்பட்டது.

இங்கு ஒரு முக்கிய உண்மையை நாம் கவனித்தல் வேண்டும். அக்கால எச்சரிக்கை யாருக்காக ஏற்படுத்தப்பட்டது? துறைமுகக் கம்பங்களில் ஏற்றப்பட்ட அடையாளங்கள் கப்பற் தலைவர்களை நோக்கியவை. கப்பலும் சரக்கும் பாதுகாக்கப்பட்டன. குடிசைவாசிக்கு அக்கம்பம் ஏதும் கூறவில்லை. திணைக்களம் தோன்றி ஓராண்டு கழிந்த நிலையில், 1876 ஒக்டோபர் இறுதியிற் பாக்கர்கஞ்சைத் தாக்கிய சூறாவளியிலும் அதனைத் தொடர்ந்த நோயிலும் பசியிலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் மாண்டமை இதனைத் தெளிவாக்குகின்றது. தமிழக வானொலிச் செய்திகளில் நெடுங்காலமாகக் கேட்டுவந்த 'எச்சரிக்கைக் கூண்டு' அம்மரபின் எச்சமேயாகும். கப்பலோட்டிக்கு வகுக்கப்பட்ட எண்களைக் கொண்டு குடியானவன் தன் உயிரைப் பற்றி முடிவு செய்யவேண்டியிருந்தது.

எமது நாட்டில் 1907இற் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பட்டது. எனினும் கருவி தலைநகரில் இருப்பதும், அதன் செய்தி கரையிலுள்ள வாடிக்கு வந்து சேர்வதும் வெவ்வேறு விடயங்கள். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குநீரிணைக்குட் புகுந்த சூறாவளி, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் நிலையத்தை அடையுமுன்னர் அலையால் அடித்துச் செல்லப்பட, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே அரை நூற்றாண்டு காலம் நிலவிய கப்பற் தொடர்பு அவ்விரவுடன் முடிவுற்றது; பின்னர் இராமேசுவரத்திலிருந்தே கப்பல்கள் ஓடின. கடல் பெருகிக்கொண்டிருந்த வேளையிலும் ஒரு புகையிரதம் அம்முனையை நோக்கிச் சென்றதென்பது, அக்காலத்து எச்சரிக்கையின் நிலையை உணர்த்தப் போதுமானது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கிலங்கையைத் தாக்கிய சூறாவளி எமது அண்மைக்கால வரலாற்றிற் பேரிடம் பெறுவது. 915 பேர் வரை உயிரிழந்தனர். ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமுற்றன. பாதிக்கப்பட்டோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொன்றும், தென்னைச் செய்கையிற் பத்தில் ஒன்பது பங்கும் அழிந்தன. தென்னை வீழ்ந்தமை ஓராண்டு வருமானத்தின் இழப்பன்று. நட்ட கன்று காய்க்கப் பல்லாண்டுகள் செல்லுமாதலால், அது ஒரு தலைமுறையின் உழைப்பினது இழப்பெனலே பொருந்தும். எழுவான்கரையின் நில அமைப்பையும் ஈண்டு நினைவுகூரலாம். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நீண்டு கிடக்கும் அம்மணற்பரப்பில் வாழ்வோர், எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே செல்வது? வாவியைக் கடக்கவேண்டும், அல்லது கல்லால் கட்டிய உறுதியான கட்டிடமொன்று அருகில் இருத்தல் வேண்டும். ஆகவே எச்சரிக்கை என்பது செய்தி மட்டுமன்று. பாதையும் புகலிடமும் சேர்ந்ததே எச்சரிக்கையாகும்.

இவ்வுண்மையை மிகக் கொடூரமாக நிறுவியது 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளி. மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையானோர் அதில் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. வானிற் செய்மதி இருந்தது; வானொலியும் இருந்தது. பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பாதிக்கப்பட்ட பிரதேச மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை சூறாவளி வருவதை அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டிடங்களிற் புகலடைந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே என்றும் காட்டியது. ஒதுங்குவதற்கு உயர்ந்த இடமோ கல்வீடோ இல்லாதவனுக்கு அறிவு மட்டும் என்ன செய்யும்? மாட்டையும் வள்ளத்தையும் விட்டுச் சென்றால் மறுநாள் வாழ வழியில்லாதவன், அவற்றின் அருகிலேயே இருந்துவிடுகின்றான். இது அறியாமையன்று, வறுமையிட்ட கணக்கு. பாகிஸ்தான் அரசின் மந்தமான நிவாரணம் மக்களின் சீற்றத்தைக் கிளறியது. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் பெற்ற வெற்றிக்கும், 1971இல் வங்காளதேசம் பிறந்தமைக்கும் அச்சீற்றம் ஒரு காரணியாயிற்று.

புதிய நாடு இப்பாடத்தை மறக்கவில்லை. 1970களின் தொடக்கத்திற் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையுடன் சூறாவளி ஆயத்தத் திட்டமொன்று உருவாயிற்று. ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்திய தொண்டர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, அவ்வூர் மக்களின் மொழியிலேயே செய்தியைக் கூறினர். இன்று அவர்களின் தொகை எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டது. எனினும் பயன் உடனடியாகக் கிட்டவில்லை. 1991 ஏப்பிரலிற் சிட்டகொங் கரையில் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்கள் ஆண்களைவிடப் பன்மடங்கினர். பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பும், ஆண்கள் நிறைந்த புகலிடத்திற்குத் தனித்துச் செல்லத் தடுத்த சமூகக் கட்டுப்பாடும் அவர்களை வீட்டிலேயே நிறுத்தின. இதனையடுத்துப் புகலிடங்கள் பெருகின. பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. கால்நடைகளுக்கு உயர்ந்த மண்மேடுகள் அமைக்கப்பட்டன. பெண் தொண்டர்கள் சேர்க்கப்பட்டனர். 2007இல் 'சிட்ர்' சூறாவளியில் மாண்டோர் மூவாயிரத்திற்குச் சற்று மேற்பட்டோர். 2020இல் 'அம்பான்' வந்தபோது இருபது இலட்சத்திற்கும் அதிகமானோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட, அந்நாட்டின் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. கடல் மாறவில்லை, காற்று தணியவில்லை, சமூகமே மாறியது.

ஆனால் இப்பொழுது கடலும் மாறத் தொடங்கியுள்ளது என்பதே இன்றைய கவலை. இவ்விடயத்தில் மிகைப்படுத்தலைத் தவிர்த்தல் வேண்டும். சூறாவளிகளின் எண்ணிக்கை கூடிவிட்டதென அறிவியலாளர் உறுதியாகக் கூறவில்லை. அவற்றுள் வலிமைமிக்கவற்றின் விகிதம் கடந்த நான்கு தசாப்தங்களிற் பெரும்பாலும் அதிகரித்துள்ளதென்றே, காலநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. ஆகவே முன்னர் வந்த அதே காற்றும் இன்று சற்று உயர்ந்த கடலையே கரைமீது ஏற்றும். வெப்பநிலை ஒரு பாகை கூடுமிடத்து வளிமண்டலம் சுமக்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழளவிற் கூடுவதனால் மழையும் பெருகும். வெப்பமான கடல்மேற் புயல் சில மணித்தியாலங்களில் வலுப்பெறுவதும் காணப்படுகின்றது. 2017 நவம்பர் இறுதியில் இலங்கையின் தென்கிழக்கே தோன்றிக் குமரிமுனைக்கருகே விரைந்து வலுத்த 'ஒக்கி', முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த தமிழக, கேரள மீனவர் பலரைப் பலிகொண்டது. எச்சரிக்கை எழுந்தபோது அவர்கள் கரையில் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' எமக்குப் பிறிதொரு பாடத்தைத் தந்தது. காற்றின் வேகத்தில் அது 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு எவ்வகையிலும் ஈடாகாது. கரைக்கு அண்மையிலேயே சூறாவளியாக உருப்பெற்று, மெதுவாக நகர்ந்து, பெருமழையைக் கொட்டியது. மாண்ட அறுநூறுக்கும் மேற்பட்டோருள் பெரும் பகுதியினர் கரையோரத்தவரல்லர். கண்டி, பதுளை, நுவரெலியா முதலான மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவில் அகப்பட்டோர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது; கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. அழிவோ கடலை என்றுமே நோக்கியிராத மலைச்சரிவை நாடிச் சென்றது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் போதியளவு வெளியாகவில்லை என்ற குறையும் பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. சரிவுகளில் லயன்களிலே வாழும் தோட்டத் தொழிலாளருக்கு அக்குறை எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. கப்பலுக்கென ஏற்றப்பட்ட கம்பத்தைக் குடிசைவாசி பொருள் விளங்காது நோக்கிய பழைய நிலைமைக்கும் இதற்குமிடையே வேறுபாடு பெரிதன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எச்சரிக்கை என்பது ஒரு தொழில்நுட்ப விடயம் மட்டுமன்று, யாருடைய உயிர் பெறுமதியுடையதெனச் சமூகம் கருதுகின்றது என்பதன் வெளிப்பாடுமாகும் என்பது புலனாகின்றது. முதலிற் கப்பல் காக்கப்பட்டது, பின்னர் நகரம், வங்காளதேசத்திற் காலந்தாழ்த்தியேனும் கிராமமும் பெண்ணும் மாடும் கணக்கில் எடுக்கப்பட்டன. காலநிலை மாற்றம் எதிர்நோக்கியிருக்கும் அவகாசத்தைக் குறுக்கும் இவ்வேளையில், செய்தி சென்றடையும் வேகத்தையும் மொழியையும் புகலிடத்தையும் குறித்த வினாக்கள் முன்னரிலும் கூர்மை பெறுகின்றன. இதிற் பல்கலைக்கழகத்தினருக்கும் பொறுப்பு உண்டு. 1978இல் இருபது வயதினராக இருந்தோர் இன்று எழுபதை அண்மித்துவிட்டனர். அவ்விரவில் எக்கட்டிடம் நின்றது, எவ்வழி மூடுண்டது, எத்திசையிலிருந்து நீர் வந்தது என்பன அவர்கள் நினைவிலேயே உள்ளன. அவற்றை ஊர்தோறும் சென்று தொகுப்பதும், வளிமண்டலவியல் அறிக்கைகளைப் பாமரரும் உணரக்கூடிய தமிழில் ஆக்கித் தருவதும் வரலாறும் மொழியும் பயிலும் எமக்கு இயலாத பணிகளல்ல. அடுத்த சூறாவளி வருமுன்னர் அவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.