கவசத்தை எங்கே எர்த் செய்வது? கோ-ஆக்சியல் விதியின் வரலாறும் திருப்பூர்ச் சாயக்கழிவு நிலையங்களும்

முன்னுரை

கட்டுப்பாட்டுக் கேபிள் இழுக்கப் போகிறவர் முதலில் கற்கும் பாடம், ஷீல்டை, அதாவது கவசத்தை, ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பது. கோ-ஆக்சியல் கேபிள் ஆண்ட காலத்தில் இது சரியான விதி. சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று ஓடும் கேபிள்களுக்கு அதை அப்படியே பொருத்தினால் இரைச்சலுக்கு வழி திறந்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. ஒற்றைப்புள்ளி விதியின் தோற்றம்

கோ-ஆக்சியலில் வெளிப்பின்னலுக்கு இரட்டை வேலை. சிக்னல் திரும்பும் வழி அதுதான், கவசமும் அதுதான். இரு கட்டடங்களின் எர்த் குழிகளுக்கிடையே சில வோல்ட் வேறுபாடு இருந்தாலே, இரு முனையும் எர்த்தான பின்னலில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடி, சிக்னலில் நேரடியாகக் கலந்துவிடும்.

டெக், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் 1980இல் வரையறுத்த ஈதர்நெட், தடித்த கேபிளில் 500 மீட்டர் வரை சென்றது. அடுத்து வந்த 10பேஸ்2 வகைக்கு மெல்லிய 50 ஓம் கேபிளும் 185 மீட்டர் எல்லையும் வகுக்கப்பட்டன. இரு முனையிலும் டெர்மினேட்டர் உண்டு. எர்த் மட்டும் ஒரே இடத்தில். டி-கனெக்டரின் உலோகம் பேனலில் உரசாமல் உறையிட வேண்டியிருந்தது. மோடிகானின் 75 ஓம் ரிமோட் ஐ/ஓ வலையமைப்பு, கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. இருக்கும் தலைமுனைப் பக்கத்தில் மட்டும் எர்த் கேட்டது.

1990களின் நடுவில் ராக்வெல் கொண்டுவந்த கன்ட்ரோல்நெட் இன்னும் கறாரானது. 75 ஓம் ஆர்.ஜி-6 கேபிளில் நொடிக்கு 5 மெகாபிட் வேகம். 2 இணைப்புகள் என்றால் 1,000 மீட்டர், 48 என்றால் 250 மீட்டர். அந்தக் கேபிள் வழியில் எங்கும் எர்த்தைத் தொடக்கூடாது.

2. விதி மாறிய இடம்

1980களின் இறுதியில் ஜெர்மனியில் புரொஃபிபஸ் என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு உருவானது; 1990இல் முறுக்கு இணைக் கேபிளில் ஓடும் ஈதர்நெட்டுக்குத் தரநிலை வந்தது. இவற்றில் இரு கம்பிகளுக்கிடையிலான வேறுபாடே சிக்னல். கவசத்துக்குக் காவல் வேலை மட்டுமே. இதே காலத்தில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பரவியது. அது கிளப்பும் உயர் அதிர்வெண் இரைச்சலை ஒரு முனையில் மட்டும் எர்த்தான கவசம் சரிவரத் தடுக்காது. எனவே புரொஃபிபஸ் வழிகாட்டுதல்கள் இரு முனையிலும் அகலமான கிளாம்ப் கொண்டு கவசத்தை இணைக்கச் சொல்கின்றன. பேனல்களுக்கிடையே தடித்த சமமின்னழுத்தக் கம்பியும் ஓட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இல்லையேல் இரு எர்த்களுக்கிடையே மின்னோட்டம் ஓடும் பழைய லூப் திரும்பிவிடும்.

3. திருப்பூர்ச் சூழல்

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கில், சாயக்கழிவை ஆற்றில் விடாத பூஜ்யக் கழிவு வெளியேற்ற முறைக்கு மாறும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

பூஜ்யக் கழிவு முறை, கட்டுப்பாட்டு வலையமைப்பின் அளவையே மாற்றும் தேவை. சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தின் கட்டுப்பாடு ஒரு பேனலோடு முடிந்துவிடும். பூஜ்யக் கழிவு நிலையத்திலோ சேகரிப்புத் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கி எனப் பரந்த வளாகம் முழுவதும் ஒரே கட்டுப்பாட்டில் வர வேண்டும். ரியாக்டிவ் சாயமேற்றலில் சேரும் உப்பு இங்கே நீரிலும் ஈரக்காற்றிலும் இருக்கிறது. அது எர்த் இணைப்புகளை அரிக்கும்போது, ஒற்றை முனை எர்த் ஒரு நாள் எர்த்தே இல்லாததாகிவிடும். கோடை மழையின் இடியோ, கட்டடத்துக்குக் கட்டடம் எர்த் அழுத்தத்தை நொடிப்பொழுதில் வேறுபடுத்தும்.

முடிவுரை

ஆகவே கட்டடங்களுக்கிடையே உலோகம் இல்லாத ஃபைபர் கேபிளே பொருத்தமானது. அதைத் தேர்வதற்கு வேகத்தைவிட எர்த் வேறுபாடே வலுவான காரணம். கட்டடத்துக்குள் கவசம் இரு முனையிலும் எர்த்தாகலாம். அதற்கு முன் எர்த் குழிகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 இதற்கு அடிப்படையாகும். எஞ்சியிருக்கும் கோ-ஆக்சியலுக்குப் பழைய விதியே செல்லும். கவசம் சிக்னலைச் சுமக்கிறதா, காவல் மட்டும் காக்கிறதா என்று பார்த்த பிறகே எர்த் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.