மின்பூட்டும் பதிப்புரிமைச் சட்டமும்: ஒரு சிறு வரலாறு

ராமாபுரத்தில் எங்களோடு இருக்கும் பெரியப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகமும் கையுமாக இருந்த மனிதர். இந்தப் பக்கம் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதே அருமை. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம் என்றால் பேரப்பிள்ளைகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் ஓடுகின்றன. ஆகவே கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை மின்னூலாக வாங்கினேன். எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்தான் கைப்பேசியிலேயே இருக்கிறதே, அது வாசிக்கட்டும் என்ற நினைப்பு. அது வாயே திறக்கவில்லை. கோப்பை வேறொரு கருவிக்கு மாற்றினேன். அங்கே நூலே திறக்கவில்லை. விற்றவர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

“காசு குடுத்துத்தானேடா வாங்கினே? அப்புறம் ஏன் பேச மாட்டேங்குது?” என்றார் பெரியப்பா.

நியாயமான கேள்வி. அந்தப் பூட்டை உடைத்தால் நான் குற்றவாளியா என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை ஜெனீவாவில் தொடங்குகிறது. 1996 டிசம்பரில் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் கீழ் இரண்டு ஒப்பந்தங்கள் உருவாயின. படைப்பைக் காக்கப் போடும் தொழில்நுட்பத் தடையை உடைப்பவர்களுக்கு எதிராக நாடுகள் சட்டம் செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஓர் அம்சம். அமெரிக்கா 1998-லேயே சட்டம் செய்துவிட்டது, செய்ததும் முரட்டுத்தனமாக. எந்த நோக்கத்துக்காகப் பூட்டைத் திறந்தாய் என்பது அங்கே பெரிதாக எண்ணப்படுவதில்லை. திறந்ததே தவறு, திறக்கும் கருவியை விற்பதும் தவறு. விதிவிலக்கு வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போய் மனுப்போட வேண்டும். 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளரை லாஸ் வேகாஸில் கைது செய்தார்கள். மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதியதுதான் அவர் செய்த பாவம். அவர் வேலை பார்த்த நிறுவனத்தை அடுத்த ஆண்டு டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது என்பது வேறு கதை.

பூட்டுப் போட்டவன் கையில் எவ்வளவு அதிகாரம் சேர்கிறது என்பது 2009 ஜூலையில் ஊருக்கே தெரிந்தது. உரிமை இல்லாதவர்கள் விற்ற பிரதிகள் என்று சொல்லி, வாசகர்கள் வாங்கிவைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலை அமேசான் அவர்கள் கருவியிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. அழிந்த நாவல் எது தெரியுமா? ‘1984’! பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் நம் அலமாரிப் புத்தகத்தைக் கடைக்காரர் இரவில் வந்து எடுத்துப்போக முடியுமா?

நம் நாட்டுக்கு வருவோம். அந்த ஒப்பந்தங்களில் இந்தியா சேர்ந்தது 2018-இல்தான். ஆனால் பூட்டுச் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2010 ஏப்ரலில் மாநிலங்களவையில் திருத்த மசோதா வைக்கப்பட்டது. கையெழுத்தே போடாத ஒப்பந்தத்துக்காக இந்த அவசரம் ஏன் என்று பெங்களூரிலிருந்து இயங்கிய இணையம் மற்றும் சமூக மையம் எதிர்த்து எழுதியது. மசோதா நிலைக்குழுவுக்குப் போய், அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை வந்தது. 2012 மே மாதத்தில் இரு அவைகளும் நிறைவேற்றின. ஜூன் 21 முதல் நடைமுறை. அன்று பத்திரிகைகள் பேசியதெல்லாம் திரைப்பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கிடைக்கப்போகும் பங்குத்தொகையைப் பற்றித்தான். 65ஏ என்ற புதிய பிரிவை எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம்பேர்.

அந்தப் பிரிவில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. சட்டம் தரும் உரிமையை ‘மீறும் நோக்கத்தோடு’ பூட்டை உடைப்பவருக்குத்தான் தண்டனை. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. திறக்கும் கருவிக்கும் தனித் தடை இல்லை. அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல அடக்கம். டொரன்டோவில் இருக்கும் நம் உறவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதே 2012 ஜூனில் கனடா நிறைவேற்றிய சட்டம் பெரும்பாலும் அமெரிக்க வழியிலேயே போனது.

பார்வையற்றோர் பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். மசோதாவின் முதல் வடிவம் அவர்களுக்குத் தந்த விலக்கு பிரெய்ல் போன்ற ‘தனி வடிவங்களோடு’ நின்றது. இன்று பார்வையற்ற மாணவர் கணினியில் சாதாரணக் கோப்பையே குரலாக்கிக் கேட்கிறார். அவருக்கு பிரெய்லை மட்டும் கொடுத்து என்ன பயன்? 2009 செப்டம்பரில் சென்னை லயோலா கல்லூரியில் ‘வாசிக்கும் உரிமை’ இயக்கம் ஒரு கூட்டம் நடத்தியது. சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் இதற்காக ஓயாமல் உழைத்தார். விளைவு, இறுதிச் சட்டத்தில் ‘அணுகத்தக்க எந்த வடிவமும்’ என்று விரிந்தது. ஊனமுற்றவருக்காக யார் வேண்டுமானாலும் லாபநோக்கின்றி அப்படிப் பிரதி எடுத்துத் தரலாம். 2013 பிப்ரவரியில், நாற்பது வயதுக்குள் செரியன் காலமானார். அதே ஆண்டு ஜூனில் மராக்கேஷில் பார்வையற்றோருக்கான உலக ஒப்பந்தம் பிறந்தது. 2014-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா.

ஆனால் சட்டம் அனுமதியைத்தான் கொடுத்தது, சாவியைக் கொடுக்கவில்லை. பூட்டைப் போட்டவர் நியாயமான வாசகருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வரிகூட 65ஏ-இல் இல்லை. கணினி நுணுக்கம் தெரியாத என் போன்றவர்களுக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். திறக்க ஒருவர் உதவினால், உதவி பெற்றவரின் பெயர், முகவரி முதலிய முழு விவரத்தையும் அவர் பதிவுசெய்து வைக்க வேண்டுமாம். பெரியப்பாவுக்கு உதவ நான் வீட்டில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் போலிருக்கிறது!

இனி அந்தக் கல்கி நூல். 1949-இல் பாரதி படைப்புகளின் உரிமையை அன்றைய சென்னை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து நூல்களை நாட்டுடைமையாக்குவது தமிழ்நாட்டின் தனி மரபு. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. அவர் மறைந்தது 1954-இல். ஆயுளோடு அறுபது ஆண்டு என்ற கணக்கிலும் 2014-ஓடு உரிமை தீர்ந்துவிட்டது. 65ஏ காப்பது சட்டம் தரும் உரிமைக்காகப் போட்ட பூட்டை மட்டுமே. அப்படியானால் கல்கியின் மூலத்தின் மேல் விற்பனையாளர் போட்ட பூட்டு எந்த உரிமையைக் காக்கிறது? என் அறிவுக்கு எட்டியவரை, எதையுமில்லை. பூட்டுக்கு ஆண்டுக்கணக்கு தெரியாது. யார் சொத்து, எப்போது பொதுவானது என்று அது கேட்பதுமில்லை.

கடைசியில் உதவியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது; பல நாட்டுத் தமிழர்கள் கூலியில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றியவை அந்த நூல்கள். நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்கள் செய்த வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அங்கிருந்து இறக்கிய ‘பொன்னியின் செல்வ’னைக் கைப்பேசி முதல் வரியிலிருந்தே வாசித்தது. “ஏண்டா, வந்தியத்தேவனைப் பிச்சுப் பிச்சுச் சொல்றானே!” என்று குறைபட்டுக்கொண்டே பெரியப்பா முதல் பாகத்தை முடித்துவிட்டார்.

இப்போது அசோகமித்திரன் வேண்டும் என்கிறார். அவர் மறைந்தது 2017-இல். அறுபது ஆண்டுக் கணக்கில் உரிமை 2077 வரை ஓடும். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.