சமாதிக்குப் பின்புறம் பாடியவர்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் பேருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டிக் கடைசியில் காவிரியைத் தொடும். தை மாதத்தில் போனால் இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஆற்றங்கரையில் தியாகராஜ ஆராதனைப் பந்தல். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் தொடங்கும்போது நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே குரலாகப் பாடுவார்கள். முதன்முறை அதைக் கேட்டபோது, இது காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது என்றே நானும் நினைத்தேன்.

தியாகராஜர் சமாதியை நோக்கி ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதிக்குக் கோயில் எழுப்பிய பக்தை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பக்தை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மறைந்துபோகிறது என்பதுதான் என் கேள்வி.

1878இல் மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தவர் நாகரத்தினம்மாள். தாய் புட்டலட்சுமிதான் அவருக்குக் கல்வி கிடைக்க வழிசெய்தார். வடமொழி, கன்னடம், தெலுங்கு, இசை எல்லாம் கற்றார். பின்பு சென்னைக்கு வந்து கச்சேரி மேடையில் பேரும் பொருளும் சம்பாதித்தார். தன் உழைப்பில் வந்த பணத்தை என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கக்கூடிய பெண்கள் அன்று மிகச் சிலர். அவர் முதலில் கையிலெடுத்தது கோயிலை அல்ல, ஒரு புத்தகத்தை.

அந்தப் புத்தகம் தஞ்சாவூருடையது. மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’. கண்ணனுக்கு இளாவை மணமுடித்து வைத்துவிட்டுப் பிரிவில் வேகிறாள் ராதை. அவளைக் கண்ணன் சமாதானப்படுத்துவதே கதை. காமத்தில் பெண்ணின் விருப்பமே இதில் முன்னால் நிற்கிறது. காவியத் தொடக்கத்தில் முத்துப்பழனி தன் பாட்டி, அத்தை என்று பெண்வழியில் தன் குலத்தைச் சொல்கிறார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. பிற்காலத்தில் அச்சேறிய பதிப்பில் பல பாடல்கள் விடுபட்டிருந்தன. சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கமோ முத்துப்பழனியை நாணமற்றவர் என்று எழுதினார். நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதியவை மட்டும் இலக்கியமா என்று முன்னுரையில் வீரேசலிங்கத்தையே கேட்டார். அடுத்த ஆண்டே போலீஸ் பிரதிகளைக் கைப்பற்றியது. நூலுக்குத் தடை வந்தது. டி. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

தியாகராஜர் சமாதி கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கேள்விப்பட்டு நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்கு வந்தது அதன் பிறகு. பக்கத்து நிலத்தை வாங்கி, 1921இல் கோயில் வேலையைத் தொடங்கினார். 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம். பணம் அவருடையது, ஆராதனையோ ஆண்களுடையது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து எல்லாவற்றிலும் சண்டையிட்டவர்கள், பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். தான் கட்டிய கோயிலில் ஹரிகதை செய்ய இடம் கேட்டார் நாகரத்தினம்மாள், கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போகவில்லை. மற்ற பெண் கலைஞர்களைத் திரட்டிப் ‘பெண்கள் கட்சி’ தொடங்கினார். முன்னால் ஆண்கள் பாட, சமாதிக்குப் பின்புறம் பெண்கள் பாடினார்கள். 1940–41இல் மூன்று கட்சிகளும் ஒன்றானபோது பெண்களுக்கும் மேடை கிடைத்தது. இன்று பந்தலில் கேட்கும் அந்தக் குரல்கள் பின்புறத்திலிருந்து முன்னால் வந்தவை.

இங்கேயே முடித்திருந்தால் நமக்குச் சௌகரியமான கதை. ஆனால் 1927இல் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டுக்கு எதிரான முயற்சியைச் சட்டமன்றத்தில் தொடங்கியபோது, எதிர்த்து நின்ற தேவதாசிகளின் முன்வரிசையில் நாகரத்தினம்மாளும் இருந்தார். எங்களை விலைமகளிர் என்று ஒட்டுமொத்தமாக எழுதாதீர்கள், கல்வி கொடுங்கள், கலையையும் உரிமைகளையும் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதே காவிரிப் படுகையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே பொட்டுக்கட்டை ஒழிக்கப் போராடினார். 1936இல் ‘தாசிகளின் மோசவலை’ நாவலை எழுதினார். சிறுமிகளின் வாழ்க்கை அதில் எப்படிச் சிக்கியது என்று அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் 1947இல் வந்த சட்டம் வேண்டியதுதான். ஆனாலும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்து வந்த அவமானத்தில் எத்தனையோ பாட்டுக்காரிகள் தம் தாயின் பெயரையே சொல்லக் கூசிப்போனார்கள் என்பதையும் மறைக்க முடியாது. முத்துப்பழனி பெருமையோடு எழுதிய பெண்வழி அங்கே அறுந்தது. இருவரில் ஒருவரை நல்லவராக்க மற்றவரைக் கெட்டவராக்கும் வரலாறு எனக்கு வேண்டாம்.

நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் சமாதிக்கே எழுதிவைத்தார். 1952 மே 19 அன்று மறைந்தார். ‘ராதிகா சாந்தவனம்’ மீண்டும் அச்சில் வந்ததும் அதே 1952இல்தான்.

கோயிலையும் புத்தகத்தையும் நாம் தனித்தனியே வைத்துவிட்டோம். கோயில் பக்திக் கணக்கில், புத்தகம் மறதிக் கணக்கில். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. ஒரு பெண் எழுதியதை நாலுபேர் படிக்க வேண்டும், ஒரு பெண் பாடுவதை நாலுபேர் முன்னால் கேட்க வேண்டும். அடுத்த முறை திருவையாறு போகும் மாணவிகளிடம் ஒன்று சொல்வேன்: பந்தலில் பாடி முடித்ததும் சமாதியின் பின்புறம் போய்ச் சற்று நில்லுங்கள். பெண்கள் முதலில் பாடியது அங்கேதான்.