காரை மாற்றினால் காசு கூடுமா? ஒரு குட்டி வரலாறு



எங்கள் ஹாஸ்டலில் அடிக்கடி வரும் சண்டை இது. "அண்ணன் காருக்கு அலாய் வீல், புது சைலன்சர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் போட்டாச்சு. விக்கும்போது அந்தக் காசு அப்படியே திரும்பி வந்துடும்" என்பான் ஒருவன். "ஒரு பைசா வராது, ஒரிஜினலா இருந்தாத்தான் விலை" என்பான் இன்னொருவன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கு வரலாறு பிடிக்கும் என்பதால், கார்கள் ஏராளமாகப் பெருகிய ஊரில் இந்தக் கணக்கு எப்படி முடிந்தது என்று தேடிப் படித்தேன். அந்த ஊர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ்.

முதலில் மாடல் டி. ஹென்றி ஃபோர்டின் கம்பெனி 1908 முதல் 1927 வரை இந்த ஒரே மாடலில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து தள்ளியது. 1925-ல் குறைந்த விலை 260 டாலர்தான். எல்லாம் ஒரே அச்சு. தெருவில் நிற்கும் பத்துக் காரில் நம்முடையது எது என்று தெரியாது! அதனால் வெளிக் கம்பெனிகள் கூடுதல் பாகங்கள் செய்து விற்க ஆரம்பித்தன. கூடவே பழைய கார்களும் குவிந்தன. பழைய காருக்கு என்ன விலை சொல்வது?

லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ் கெல்லி என்ற பழைய கார் வியாபாரி இருந்தார். 1918-ல் மூன்று மாடல் டி கார்களோடு தொழில் தொடங்கியவர். எந்தக் காரை என்ன விலைக்கு வாங்கிக்கொள்வேன் என்று பட்டியல் போட்டு மற்ற வியாபாரிகளுக்கு அனுப்புவார். அதை எல்லோரும் நம்பினார்கள். 1926-ல் அது புத்தகமாகவே வந்தது. அதுதான் கெல்லி புளூ புக். எந்த வருடம், எந்த மாடல், எந்த நிலையில் இருக்கிறது, கம்பெனியே பொருத்திக் கொடுத்த வசதிகள் என்ன... நாளடைவில் பழைய கார் விலை என்றாலே இந்தக் கணக்குதான் என்று ஆனது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்களாக வெளியே போட்ட பாகத்துக்கு அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது.

அதே ஊரின் இளைஞர்கள் அந்தக் காலத்தில் நேர் எதிரான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நகருக்கு வடக்கே மியூராக், எல் மிராஜ் என்று காய்ந்துபோன ஏரிகள் உண்டு. பழைய ஃபோர்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை நோண்டி, அந்த ஏரித்தரையில் பறக்கவிடுவார்கள். 1932-ல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் கொண்ட V8 எஞ்சினை மலிவான காரிலேயே வைத்தது. திறந்த ரோட்ஸ்டர் வகை 460 டாலரில் ஆரம்பம். அது பழையதாகிக் கைக்கு வந்ததும் பையன்களுக்குக் கொண்டாட்டம். 1937-ல் இந்தப் பந்தயங்களை நடத்த தனிச் சங்கமே வந்துவிட்டது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை தொடங்கியது.

இந்தப் பையன்களில் யாரும் ரீசேல் வேல்யூ பார்க்கவில்லை. வேகம்தான் லாபம். ஆனால் காசு பார்த்தவர்களும் உண்டு. விக் எடல்பிராக் என்பவர் தன் 1932 ஃபோர்டுக்காக ஒரு மேனிஃபோல்டு செய்தார். மற்றவர்களும் கேட்கவே, அதையே தொழிலாக்கிப் பெரிய கம்பெனி ஆனார். 1963-ல் பாகம் செய்பவர்களுக்கு என்றே 'செமா' என்ற சங்கம் உருவானது. அதாவது காசு பார்த்தது காரை மாற்றியவர் இல்லை, மாற்றுவதற்குப் பாகம் விற்றவர்!

இப்போது இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த காருக்கு வருவோம். 1952-ல் பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி இளைஞர், தன் 1951 மெர்க்குரி காரை பாரிஸ் சகோதரர்கள் பட்டறையில் விட்டார். (இது பிரான்ஸ் பாரிஸ் இல்லை, ஜார்ஜ், சாம் என்ற அண்ணன் தம்பியின் குடும்பப் பெயர்.) கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். நடுத்தூணை எடுத்தார்கள். மேலே வெளிர் பச்சை, கீழே அடர் பச்சை அடித்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் மயங்கிப்போனார்கள். பத்திரிகைகளில் வந்தது, 1955-ல் ஒரு சினிமாவிலும் வந்தது.

சரி, அந்தப் புகழுக்கு என்ன விலை கிடைத்தது? அது கைமாறிக் கைமாறி, 1959-ல் ஒரு பழைய கார் கடையில் நின்றது. ஒரு பள்ளி மாணவர் அதை வாங்கினார். விலை 500 டாலர்!

ஏன் இப்படி? ரசனை மாறிவிட்டது. 1952-ல் புதுசாகத் தெரிந்த உருவம் 1959-ல் பழசு. அறுத்த கூரையை ஒட்டவைத்துப் பழைய மெர்க்குரியாக விற்கவும் முடியாது. அடுத்து வாங்குபவருக்கும் அதே ரசனை இருந்தால்தானே நாம் போட்ட காசு திரும்பும்?

இதே மாற்றத்தைக் கம்பெனியே செய்தால் கதை வேறு. 1964-ல் பாண்டியாக் கம்பெனி, நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று விற்றது. கூடுதல் விலை 300 டாலருக்குள். முதல் வருடமே 32,450 கார்கள் போயின. பையன்கள் பின்கட்டில் செய்ததைத்தான் கம்பெனி ரசீது போட்டுச் செய்தது. ஆனால் ரசீது இருப்பதால் அதற்கு விலைப் பட்டியலில் இடம் உண்டு.

அந்த ரசீதின் அருமை பிறகுதான் தெரிந்தது. 1960களின் கடைசியில், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சினிலும் அடிக்கும் வழக்கம் வந்தது. சேகரிப்பவர்கள் இரண்டு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் காசை எடுப்பார்கள். 1971-ல் ஹெமி எஞ்சினோடு வந்த பிளிமத் குடா கன்வர்ட்டிபிள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று 2014 ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. சாதாரண எஞ்சினோடு வந்த அதே காரில் பிறகு ஹெமி எஞ்சினைப் பொருத்தினால், ஓடுவது ஒன்றுபோல் ஓடும். விலை பக்கத்தில்கூட வராது.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 1984-ல் கலிபோர்னியாவில் புகைப் பரிசோதனை தொடங்கியது. அங்கே பெரும்பாலான பழைய கார்களை விற்க அந்தச் சான்றிதழ் வேண்டும். அனுமதி எண் இல்லாத பாகம் எஞ்சினில் இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. அப்புறம் விலை குறைவது இருக்கட்டும், விற்கவே முடியாது!

அப்படியானால் ஹாஸ்டலில் இரண்டாவது நண்பன் ஜெயித்துவிட்டானா? கொஞ்சம் பொறுங்கள்.

1997-ல், பளபளக்கும் ஒரிஜினல் கார்களுக்கே பேர்போன பெபிள் பீச் கண்காட்சி முதல்முறையாக ஹாட் ராட் கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்தது. டோன் ஸ்பென்சர் என்பவர் 1940களில் மாற்றியமைத்த 1932 ஃபோர்டு முதல் பரிசு பெற்றது. அந்தக் காரில் மாற்றம்தான் சரித்திரம். அதைக் கழற்றி மறுபடி ஒரிஜினல் ஆக்கினால்தான் மதிப்புப் போய்விடும்.

அந்த 500 டாலர் மெர்க்குரி? வாங்கிய மாணவர் அதைக் கடைசிவரை விற்கவில்லை. பிற்பாடு பழைய பச்சைக்கே திருப்பிப் புதுப்பித்தார். அவர் காலத்துக்குப் பிறகு 2022 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. ஏலக் கட்டணத்தோடு சேர்த்து 21 லட்சத்து 45 ஆயிரம் டாலர்!

ஆனால் இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட, ஆசைப்பட்டுக் காசு கொட்டிய ஹிரோஹாட்டாவுக்குப் போகவில்லை. அறுபது வருடம் காத்திருந்த வீட்டுக்குத்தான் போனது. அதே பட்டறையில் அறுக்கப்பட்டு, பெயர் இல்லாமல் காயலான் கடைக்குப் போன கார்கள் எத்தனையோ.

ஆக, என் தீர்ப்பு இதுதான். மாற்றுவது தப்பில்லை. ஆனால் அது செலவு, சேமிப்பு இல்லை. சினிமா டிக்கெட் வாங்கிவிட்டுப் படம் முடிந்ததும் காசைத் திருப்பிக் கேட்போமா? அப்படி நினைத்துக்கொண்டு செய்யுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகத்தை மட்டும் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். எதையும் அறுக்காமல் செய்த மாற்றம் என்றால், விற்கும் நாளில் திரும்பிப் போக ஒரு வழியாவது இருக்கும்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னேன். முதல் நண்பன் கேட்டான்: "அப்போ அண்ணன் காரை அறுபது வருஷம் வச்சிருந்தா போதும்தானே?"

என்ன சொல்ல! நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே :)