தகர வில்லையிலிருந்து டிஜிட்டல் அட்டை வரை

டிஜிட்டல் மயமாக்கல் மலையகத்துக்குப் புதுசு என்று நினைக்கிறோம். ஆனா மனுஷரை எண்ணாக மாத்துற வேலை இங்கே நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதை அதில் பொறித்த எண் சொல்லும். அவரது கடன் கணக்கு 'துண்டு' என்ற சீட்டில் இருந்தது. கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

இந்தப் பதிவெல்லாம் தொழிலாளியைப் பற்றியது. ஆனா அவர் கட்டுப்பாட்டில் ஒன்றும் இல்லை.

அதன் விலை சுதந்திரத்துக்குப் பிறகு தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க, ஏழு அல்லது பத்து வருஷம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். லயத்தில் இருந்தவரிடம் என்ன ஆதாரம் இருக்கும்? செக்ரோல் துரையின் ஆபீஸில்தானே இருந்தது.

2003இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம். மின் அரசாங்கத் திட்டங்களும் நெனசல நிலையங்களும் இந்த வழியில்தான் பரவின. மற்றது, மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம். அதாவது நாடு கணினிமயமாகக் கிளம்பிய அதே வருஷத்தில்தான் நம்மில் பலர் சட்டப்படி பிரஜையானார்கள். நாம எங்கிருந்து ஓட்டத்தைத் தொடங்கினோம் என்று இதிலேயே தெரியும்.

இப்போது வருவது டிஜிட்டல் அடையாள அட்டை. இந்திய நிதியுதவிக்கான ஒப்பந்தம் 2022 மார்ச்சில் கையெழுத்தானது. முகம், கருவிழி, கைரேகை மூன்றும் பதிவாகும். இந்தியாவின் ஆதார் ஏற்கெனவே ஒரு பாடம் சொல்லியிருக்கு: கையால் உழைக்கிறவர்களின் தேய்ந்த ரேகையை இயந்திரம் பல தடவை அடையாளம் காணாமல் விட்டது, அதனால் சிலருக்கு ரேஷனே கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் கொழுந்து பறித்த விரல்களுக்கு இது சின்ன விஷயமா?

இன்னும் இரண்டு சிக்கல். பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று. மனுஷ எழுத்தரிடம் பேசிச் சமாளிக்கலாம். கணினி பேச்சுக் கேட்காது.

அதனால் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அட்டை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு லய வீட்டுக்கும் முகவரி, தமிழிலேயே பெயர் திருத்தும் வசதி, ரேகை பொருந்தாவிட்டால் மாற்று வழி: இந்த மூன்றையும் கேட்போம். நம்மைப் பற்றிய பதிவை நாமே பார்க்கவும் திருத்தவும் முடியாவிட்டால், அதுவும் இன்னொரு தகர வில்லைதான்.