மாதவிடாயும் காக்காய் வலிப்பும்: ஒரு மருந்தின் கதை

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் முழுதாய் ஒழியவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பேர் மட்டும் சாவிக்கு! 1857 வரை ஐரோப்பிய மருத்துவர்களிடமும் இதைவிட உருப்படியாக ஒன்றும் இருந்ததில்லை.

அந்த ஆண்டு மே மாதம் லண்டனில் ஒரு மருத்துவர் கூட்டம். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த சார்லஸ் லோகாக் எழுந்து பேசினார். மாதவிடாயை ஒட்டி வலிப்பு வரும் பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்ததாகவும், 14, 15 பேரில் ஒருவருக்குத்தான் பலிக்கவில்லை என்றும் சொன்னார். வலிப்புக்கு உண்மையில் வேலை செய்த முதல் மருந்து இதுவே. ஆனால் கொடுத்த காரணம் தவறு. இந்த வலிப்புக்குக் காம உணர்ச்சியே காரணம், புரோமைடு அதை அடக்கும் என்று அவர் எண்ணினார். மருந்தோ மூளையின் கிளர்ச்சியை அடக்கியது; அதனால் ஆண்களுக்கும் பலித்தது. பழி மட்டும் பெண்களுக்கு.

ஆனாலும் மாதவிடாய்க்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யல்ல. 1956-ல் லெய்ட்லா என்ற மருத்துவர் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, மாதவிடாய் நாட்களை ஒட்டி வலிப்பு கூடுவதைக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் மூளைச் செல்களைத் தூண்டும், புரோஜெஸ்டிரோன் அமைதிப்படுத்தும். மாதவிடாய்க்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கிவிடுகிறது. சிலருக்கு ஃபெனிடாயின் மாத்திரையின் அளவும் அதே நாட்களில் இரத்தத்தில் குறைகிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் வலிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் புரோஜெஸ்டிரோனையே கொடுத்தால் என்ன? 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது வெறும் மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மாதவிடாய் நாட்களில் வலிப்பு மிக அதிகமாகும் பெண்களுக்கு மட்டும் பயன் இருப்பதாகத் தெரிந்தது. குளோபசாம் மாத்திரையை அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பது இன்னொரு வழி.

இந்தியாவில் பெண்கள் வலிப்பை மறைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்று எழுதி வைத்தார்கள். 1999-ல்தான் அதை நீக்கினார்கள். மறைக்கிற பெண் மாத்திரையையும் மறைத்துத்தான் விழுங்க வேண்டும். ஒருநாள் விட்டுப்போனால் கேட்க ஆளில்லை.

மேகமலைச் சரிவில் தேயிலை கிள்ளும் பெண்ணுக்கு வலிப்பு வந்தால் விழுவதே பேராபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சின்னமனூர் இறங்கி, தேனி தாண்டி க.விலக்கு வரை போக வேண்டும். மாதவிடாய் தேதியையும் வலிப்பு வந்த தேதியையும் ஒரே காலண்டரில் மூன்று மாதம் குறித்துக்கொண்டு போனால், எந்த மாத்திரையை எந்த நாளில் கூட்டுவது என்பதை டாக்டர் அதை வைத்தே யோசிக்கலாம்.