நள்ளிரவு நகைச்சுவையை நிறுத்துவது யார்? அமெரிக்க 'லேட் நைட்' நிகழ்ச்சிகள் இயங்கும் விதம்

இந்தக் காட்சி உங்கள் கைத்தொலைபேசியில் ஒருமுறையாவது வந்திருக்கும். கோட் சூட் போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால் நகரத்தின் இரவு விளக்குகள். அமெரிக்க அதிபரைப் பற்றி ஒரு கிண்டல், அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த கிளிப்பில் அதே ஆள் ஒரு ஹாலிவுட் நட்சத்திரத்திடம் அவருடைய நாய்க்குட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார்.

பெயர்தான் 'லேட் நைட்'. நமக்கு அது கிட்டத்தட்ட மதிய உணவு நேரம்! நியூயார்க்கில் இரவு 11.35 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 11.35. அங்கே குளிர்காலம் என்றால் பிற்பகல் 12.35. நம்மில் பலர் முழு நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. பார்ப்பதெல்லாம் துண்டுக் காணொளிகள்தான்.

அதனால் 2025இல் நடந்தது பலருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். ஜூலையில் ஒரு பிரபல நிகழ்ச்சியை முடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் இன்னொன்று திடீரென்று காணாமல் போய், ஆறு நாளில் திரும்பி வந்தது. இரண்டிலும் அரசாங்கத்தின் பெயர் அடிபட்டது.

அமெரிக்காவில் பேச்சுச் சுதந்திரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்படியிருக்க, ஒரு நகைச்சுவையாளரின் வாயை யார் எப்படி அடைக்க முடியும்? அது புரிய, முதலில் இந்த நிகழ்ச்சிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

மேசை, நாற்காலி, இசைக்குழு

1954இல் என்பிசி ஒளிவழி 'தி டுநைட் ஷோ'வைத் தொடங்கியது. முதல் தொகுப்பாளர் ஸ்டீவ் ஆலன். தொடக்கத்தில் நின்றபடி ஒரு நகைச்சுவை உரை, பிறகு மேசை, பக்கத்தில் விருந்தினருக்கு இருக்கை, ஓரத்தில் இசைக்குழு. இன்றுவரை அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. 1962 முதல் 1992 வரை 30 ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஜானி கார்சன். அவருடைய கடைசி இரவைச் சுமார் 50 மில்லியன் பேர் பார்த்தார்கள்.

தொகுப்பாளருக்கும் ஒளிவழிக்கும் இடையிலான சண்டையும் புதிதல்ல. கார்சனுக்கு முன்பு அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் ஜேக் பார். 1960இல் அவர் சொன்ன ஒரு கழிவறை ஜோக்கை என்பிசி அவரிடம் கேட்காமலேயே வெட்டிவிட்டது. மறுநாள் அவர் நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். ஒரு கழிவறைக்காக!

திரையில் எல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது போல இருக்கும். உண்மையில் அப்படி இல்லை. காலையிலேயே எழுத்தாளர்கள் செய்திகளைப் படித்து ஜோக்குகளை எழுதிக் குவிப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகும். பிறகு ஒத்திகை. மாலையில் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவு, இரவில் ஒளிபரப்பு.

நட்சத்திரப் பேட்டிக்கும் முன்தயாரிப்பு உண்டு. ஒரு தயாரிப்பாளர் விருந்தினரிடம் முன்கூட்டியே பேசி, எந்தக் கதை சிரிப்பை வரவழைக்கும் என்று தேர்ந்தெடுத்து வைப்பார். "விடுமுறையில ஏதோ விபரீதம் நடந்துச்சாமே?" என்று தொகுப்பாளர் கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரியும். நட்சத்திரம் வருவது புதுப் படத்தை விளம்பரப்படுத்த. நிகழ்ச்சிக்குத் தேவை பிரபலமான முகம். இருவருக்கும் லாபம்.

இந்த உழைப்பின் அளவு 2023இல் தெரிந்தது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியதும் முதலில் நின்றவை இந்த நிகழ்ச்சிகள்தான். ஐந்து தொகுப்பாளர்கள் சேர்ந்து வலையொலி நடத்தி, அந்த வருமானத்தைத் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள்.

அரசியல்வாதிகள் ஏன் வருகிறார்கள்?

செய்தியாளர் கூட்டத்தில் கேள்விகள் குத்தும். இங்கே இருக்கை மெத்தென்று இருக்கும்.

1992இல் அதிபர் வேட்பாளராக இருந்த பில் கிளிண்டன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆர்செனியோ ஹால் நிகழ்ச்சியில் சாக்ஸஃபோன் வாசித்தார். 2003இல் அர்னால்ட் ஸ்வார்ட்ஸ்நெகர் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்கப்போவதை அறிவித்ததே ஜே லெனோவின் நிகழ்ச்சியில்தான். பதவியில் இருக்கும்போதே இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு வந்த முதல் அதிபர் பராக் ஒபாமா, 2009இல்.

மெத்தென்ற இருக்கைக்கு எதிர்ப்பும் வந்தது. 2016 செப்டம்பரில், வேட்பாளர் டோனல்ட் டிரம்ப்பின் தலைமுடியை ஜிம்மி ஃபாலன் விளையாட்டாகக் கலைத்துவிட்டார். ஒரு சர்ச்சைக்குரிய வேட்பாளரைச் சாதாரண மனிதராகக் காட்டிவிட்டார் என்று ஃபாலன்மீது கடும் விமர்சனம் எழுந்தது. சிரிக்க வைத்தால் போதும் என்ற காலம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கிண்டலுக்குப் பல் முளைத்தது எப்போது?

பெரிய திருப்பம் வந்தது மூன்று பெரிய ஒளிவழிகளில் அல்ல, கட்டணத் தொலைக்காட்சியில். 'தி டெய்லி ஷோ' 1996இல் தொடங்கியது. 1999இல் ஜான் ஸ்டுவர்ட் பொறுப்பேற்றதும் அது அரசியல்வாதிகளை மட்டுமல்லாமல், செய்தி ஊடகங்களையும் கலாய்க்க ஆரம்பித்தது. நேற்று சொன்னதையும் இன்று சொல்வதையும் அடுத்தடுத்து ஓடவிடுவார்கள். முரண்பாடு தானாகச் சிரிக்க வைக்கும். ஸ்டீஃபன் கோல்பேர், ஜான் ஆலிவர் இருவருமே அந்தப் பட்டறையில் உருவானவர்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் அங்கே இருக்கிறார். ஜொகூர் பாருவில் பிறந்து, சிங்கப்பூரிலும் வளர்ந்த ரோனி சியெங் 2015இல் 'டெய்லி ஷோ'வில் சேர்ந்தார். இப்போது முறைவைத்து அதைத் தொகுத்து வழங்குபவர்களில் அவரும் ஒருவர்.

ஆலிவர் 2014இல் எச்பிஓவில் தனி நிகழ்ச்சி தொடங்கினார். அதே ஆண்டு இணையச் சமவாய்ப்பு பற்றி அவர் பேசிய 13 நிமிடப் பகுதியைப் பார்த்தவர்கள், அரசாங்க ஆணையத்தின் கருத்துப் பக்கத்துக்குப் படையெடுத்தார்கள். பக்கம் திணறியது. 2017இல் ஜிம்மி கிம்மல், இதயக் குறையோடு பிறந்த தம் மகனின் அறுவை சிகிச்சை பற்றிக் கண்ணீரோடு பேசினார். மருத்துவக் காப்புறுதி பற்றிய விவாதத்தில் அந்தப் பேச்சு அரசியல்வாதிகளின் வாயிலும் புழங்கியது.

ஜோக் சொல்பவர்கள் கொள்கை பேச ஆரம்பித்தார்கள். சிலருக்கு அது பிடித்தது. 'ஒரு கட்சியை மட்டும் அடிக்கிறார்கள்' என்று சொல்லிப் பார்ப்பதை விட்டவர்களும் உண்டு. அந்தக் குறையைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. கார்சன் இரண்டு பக்கத்தையும் கிண்டலடித்தார். அவர் யார் பக்கம் என்று பார்ப்பவர்களுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. இன்றைய தொகுப்பாளர்கள் பெரும்பாலும் காட்டிக்கொள்கிறார்கள்.

கோல்பேர்: பணமா, அரசியலா?

2025 ஜூலை 17. சிபிஎஸ் ஒளிவழியின் 'தி லேட் ஷோ' 2026 மே மாதத்தோடு முடியும் என்று கோல்பேரே பார்வையாளர்களிடம் சொன்னார். அவருக்குப் பதில் வேறு ஆள் இல்லை. 1993இல் டேவிட் லெட்டர்மன் தொடங்கிய நிகழ்ச்சியே அத்தோடு சரி.

காரணம் முழுக்க முழுக்க நிதி சம்பந்தப்பட்டது என்றது சிபிஎஸ். அதில் விஷயம் இருக்கிறது. இரவு நிகழ்ச்சிகளின் மொத்த விளம்பர வருமானம் 2018இல் சுமார் 439 மில்லியன் டாலர்; 2024இல் அது சுமார் 220 மில்லியன். கிட்டத்தட்ட பாதி. இளையர்கள் தொலைக்காட்சி முன் உட்காருவதில்லை. யூடியூபில் வரும் பணம் அந்த இடைவெளியை நிரப்புவதில்லை. 'லேட் ஷோ' ஆண்டுக்குச் சுமார் 40 மில்லியன் டாலர் நட்டத்தில் ஓடியதாக அமெரிக்க ஊடகங்கள் தெரிவித்தன.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனம் பாரமவுண்ட். டிரம்ப் தொடுத்த ஒரு வழக்கை முடிக்க, அது 16 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு, அந்தத் தொகை பெரிய லஞ்சம் என்று கோல்பேர் திரையிலேயே சொன்னார். அப்போது பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணைய அரசாங்க அனுமதிக்காகக் காத்திருந்தது. ஒரு வாரம் கழித்து அனுமதி கிடைத்தது.

நட்டத்தில் ஓடியது உண்மையாக இருக்கலாம். அனுமதிக்குக் காத்திருந்ததும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. அதனால்தான் இந்தச் சந்தேகம் எளிதில் தீராது.

செப்டம்பரில் இந்த நிகழ்ச்சிக்குத்தான் சிறந்த உரையாடல் நிகழ்ச்சிக்கான எம்மி விருது கிடைத்தது.

கிம்மல்: ஆறு நாள்

2025 செப்டம்பர் 10ஆம் தேதி பழமைவாத ஆர்வலர் சார்லி கர்க் யூட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி கிம்மல் தம் உரையில், டிரம்ப் ஆதரவாளர்கள் கொலையாளி தங்கள் ஆள் இல்லை என்று காட்டவும், அதில் அரசியல் லாபம் பார்க்கவும் முயல்கிறார்கள் என்று சொன்னார். பலரை அது புண்படுத்தியது.

17ஆம் தேதி, ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுத் தொடர்புத்துறை ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் ஒரு வலையொலியில் பேசினார். இதைச் சுலபமான வழியிலும் செய்யலாம், கஷ்டமான வழியிலும் செய்யலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். சில மணி நேரத்தில் நெக்ஸ்டார், சின்கிளேர் என்ற இரு பெரிய நிறுவனங்கள் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. அடுத்து ஏபிசி காலவரையறையின்றி அதை நிறுத்தியது.

இங்கேதான் நமக்குப் பழக்கமில்லாத ஓர் ஏற்பாடு வருகிறது. ஏபிசி என்பது நாடு முழுவதும் ஓடும் ஒரே ஒளிவழி அல்ல. அது நிகழ்ச்சியைத் தயாரித்துக் கொடுக்கும் கட்டமைப்பு. ஒவ்வோர் ஊரிலும் அதை ஒளிபரப்புவது உள்ளூர் நிலையம். அவற்றில் பல வேறு நிறுவனங்களுக்குச் சொந்தம். அந்த இரண்டு நிறுவனங்களிடம் மட்டும் சுமார் 70 ஏபிசி நிலையங்கள் இருந்தன. ஆணையம் உரிமம் கொடுப்பது நிலையங்களுக்குத்தான், கட்டமைப்புக்கு அல்ல.

ஆக, கிம்மலை அரசாங்கம் நேரடியாகத் தொட முடியாது. ஆனால் அவரை ஒளிபரப்பும் நிலையத்துக்கு உரிமம் தேவை. நிலையத்தின் முதலாளிக்கு வேறு அனுமதிகளும் தேவை. அந்தச் சமயத்தில் நெக்ஸ்டார், டெக்னா என்ற நிறுவனத்தை 6.2 பில்லியன் டாலருக்கு வாங்க ஆணையத்தின் ஒப்புதலை எதிர்பார்த்திருந்தது. தன் முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது நெக்ஸ்டார்.

தனியார் நிறுவனங்களை மிரட்டி, பிடிக்காத கருத்தை அடக்கச் செய்வது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எது மிரட்டல், எது வெறும் கருத்து? அங்கேதான் சண்டை. இந்த விவகாரத்தில் டிரம்ப்பின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் டெட் குரூஸே, காரின் பேச்சு மாஃபியாக்காரர்கள் பேசுவது போல இருக்கிறது என்றார்.

எதிர்ப்பு வலுத்தது. ஏபிசியின் உரிமையாளரான டிஸ்னியின் சந்தாவை ரத்து செய்யச் சொல்லிச் சமூக ஊடகங்களில் அழைப்புகள் பரவின. 23ஆம் தேதி கிம்மல் திரும்பினார். ஓர் இளைஞரின் கொலையைக் கேலி செய்வது தம் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னார். அந்த இரவு 6.2 மில்லியனுக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வழக்கமான எண்ணிக்கையைவிட அது பல மடங்கு.

இத்தனைக்கும் நெக்ஸ்டார், சின்கிளேர் நிலையங்கள் அன்று அதை ஒளிபரப்பவில்லை. அவை இறங்கி வந்தது 26ஆம் தேதிதான். தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஏபிசி நிலையமும் சின்கிளேருக்குச் சொந்தம். வெள்ளை மாளிகை இருக்கும் ஊரில் கிம்மலைப் பார்க்க விரும்பியவர்கள், நம்மைப் போலவே, மறுநாள் யூடியூபைத் திறந்தார்கள்.